உங்களுக்குத் தெரியுமா? ஓடிப்போன வேட்பாளருக்கும் 15,906 ஓட்டு!

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 50 கி.மீ. போனால் ராமநகரம். பட்டுக்கூடு சந்தைக்கும் முன்னாள் பிரதமர் தேவகௌடா குடும்பத்துக்கும் பேர்போன ஊர். 2018 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு தொகுதிகளில் ஜெயித்த தேவகௌடாவின் மகன் குமாரசாமி, சன்னபட்டணாவை வைத்துக்கொண்டு ராமநகரத்தை விட்டுக்கொடுத்தார். இடைத்தேர்தலில் நின்றவர் அவர் மனைவி அனிதா.

எதிராளியின் கோட்டையில் நிற்க பா.ஜ.க. பிடித்த ஆள், காங்கிரஸிலிருந்து அப்போதுதான் தாவி வந்த எல்.சந்திரசேகர். நவம்பர் 3 வாக்குப்பதிவு. இரண்டு நாள் முன்பு அவர், பிரசாரத்துக்குக் கட்சித் தலைவர்கள் எட்டிப் பார்க்கவில்லை என்று குமுறிவிட்டு, பழைய கட்சிக்கே திரும்பிவிட்டார்!

ஆனால் மனுவை வாபஸ் வாங்கும் கெடு முடிந்துவிட்டால், வாயால் விலகுவது சட்டப்படி விலகல் ஆகாது. எனவே வாக்கு இயந்திரத்தில் அவர் பெயரும் தாமரைச் சின்னமும் அப்படியே இருந்தன. அனிதா 1,09,137 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆளே இல்லாத தாமரைக்கு 15,906 பேர் பட்டனை அழுத்தியிருந்தார்கள். இதை வேட்பாளரின் செல்வாக்கு என்று யார் சொல்ல முடியும்?