வண்டியில் அமர்ந்து உம்ரா செய்யலாமா?

இலுப்பூரில் உம்ராவுக்குப் பெயர் கொடுக்கும் வீடுகளில் இப்படியொரு பேச்சு காதில் விழும்: "அத்தாவுக்கு முட்டி வலி, நடக்க முடியாது. அவர் வீட்டிலேயே இருக்கட்டும்." வண்டியில் உட்கார்ந்து செய்தால் நன்மை குறைந்துவிடும் என்று அந்தப் பெரியவரும் நினைக்கிறார்.

குறையாது. உடல்நலமில்லாத உம்மு ஸலமா (ரலி) அவர்களை, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் இருந்தபடி தவாஃப் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியுள்ளது. இறுதி ஹஜ்ஜில் நபியவர்களே ஒட்டகத்தின் மீதிருந்து தவாஃப் செய்தார்கள். நடக்கத் தெம்புள்ளவர் நடந்தே ஆகவேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். இயலாதவருக்கு அங்கும் தடையில்லை.

சொந்த மின்சார ஸ்கூட்டரைக் கொண்டுபோக நினைத்தால் சிக்கல் பேட்டரியில்தான் வரும். கழற்றி எடுக்கும் லித்தியம் பேட்டரி ஒன்றே ஒன்று என்றால், விமானத்தில் 300 வாட்-மணி வரைதான் அனுமதி. அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240, போகும். 20 ஆம்பியர்-மணி என்றால் 480, போகாது. இந்தக் கணக்கை வண்டி வாங்கும் முன்பே போடவேண்டும், திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு அல்ல. கழற்றிய பேட்டரி கைப்பையில் உங்களோடு வரவேண்டும். டிக்கெட் போடும்போதே டிராவல்ஸ்காரரிடம் சொல்லி விமான நிறுவனத்தின் சம்மதத்தை வாங்கிவிடுங்கள்.

ஸ்கூட்டர் இல்லாதவர்களுக்கு ஹரமிலேயே மின்வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. ஸஃபா, மர்வா இடையே சக்கர நாற்காலிகளுக்கு நடுவில் தனிப்பாதையும் உண்டு. அங்கே ஏழு நடை சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்! வாடகைக்கான ரியாலை முன்கூட்டியே அத்தாவின் கையில் கொடுத்துவையுங்கள். பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சப்பட்டே பலர் வலியோடு நடக்கிறார்கள்.