ஆற்றுவழி நடந்து அருவியில் நீராடச் செல்வோர் கவனத்திற்கு

தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் குற்றாலத்தில் சாரல் விழும் நாள்களில், எங்களிடம் வரும் நோயாளிகள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், அருவியில் குளிக்கலாமா?" வழிகாட்டி ஒருவருடன் ஆற்றோரமாக நடந்து, பாறைகளுக்கிடையே தேங்கும் மடுவில் நீந்தி, அருவியைச் சென்றடையும் பயணங்களையும் இப்போது பலர் விரும்புகின்றனர். நடையும் நீராடலும் உடலுக்கும் மனத்துக்கும் நன்மை தருவன. ஆதலால் எல்லோரையும் நாங்கள் தடுப்பதில்லை. யார் செல்லலாம், எவ்வாறு செல்ல வேண்டும் என்பதையே இங்கு விளக்குகிறோம்.

முதல் மூன்று நிமிடங்கள்

குளிர்ந்த நீர் திடீரெனத் தோலில் படும்போது, நம் விருப்பமின்றியே மூச்சு உள்ளிழுக்கப்படுகிறது. தொடர்ந்து மூச்சு இரைக்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. நலமுள்ளவர்க்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் இது தணிந்துவிடும். ஆனால் தலை நீருக்குள் இருக்கும்போது அந்த முதல் மூச்சு எழுந்தால், நீர் நுரையீரலுக்குள் புகும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்லர்.

எனவே மடுவில் குதித்தல் கூடாது. கை, கால், முகம், மார்பு என்று படிப்படியாக நனைத்து, மூச்சு சீரான பின்னரே ஆழத்துக்குச் செல்லுங்கள். தவறி விழுந்துவிட்டால் பதறி நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்தபடி மூச்சு சீராகும்வரை காத்திருங்கள்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

இதய நோயாளிகள்: அண்மையில் மாரடைப்பு, ஸ்டென்ட் சிகிச்சை, இதய அறுவை ஆகியவற்றுக்கு உள்ளானவர்களும், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும் மருத்துவரின் ஒப்புதலின்றி நீரில் இறங்க வேண்டாம்.

நீரிழிவு நோயாளிகள்: நீண்ட நடையால் சர்க்கரை குறையலாம். குளிரால் வரும் நடுக்கமும் சர்க்கரை குறைவதால் வரும் நடுக்கமும் ஒன்றுபோலத் தோன்றும். ஆகவே குளுக்கோஸ் கையில் இருக்கட்டும். கால் மரத்துப்போனவர்கள் பாறையில் வெறுங்காலோடு நடக்கலாகாது. திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும்.

வலிப்பு நோயாளிகள்: மருந்து உட்கொண்டு வந்தாலும் தனியே நீரில் இறங்குதல் பேராபத்து.

கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்கள்: அருவி நேராகத் தலையிலும் பிடரியிலும் விழும் இடத்தைத் தவிருங்கள்.

ஆறாத புண் உள்ளவர்கள்: ஆற்று நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், அது புண்வழியே உடலுக்குள் புகும். பயணத்துக்குப் பின் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

ஆறு தரும் எச்சரிக்கை

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலைமேல் பெய்த மழை சிறிது நேரத்தில் கீழே வந்து சேரும். நீர் கலங்குதல், சருகும் குச்சிகளும் மிதந்து வருதல், இரைச்சல் கூடுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், உடைமைகளை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். குளிக்கத் தடை விதிக்கப்பட்ட நாளில் இறங்காதீர்கள். காட்டுக்குள் உள்ள அருவிகளுக்கு வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லாதீர்கள்.

உடன் செல்லும் குடும்பத்தினர்க்கு

"சொன்னால் அழைத்துச் செல்லமாட்டார்கள்" என்று அஞ்சி நோயை மறைப்பவர்கள் பலர். வழிகாட்டியிடம் நோயையும் மருந்துகளையும் முன்னரே கூறிவிடுங்கள். மாத்திரையும் இன்ஹேலரும் நனையாத பையில், உங்கள் கைவசம் இருக்கட்டும். மது அருந்தியவரை நீரில் இறங்க விடாதீர்கள். கரையேறியதும் ஈர உடையை மாற்றச் செய்யுங்கள்.

ஒருவர் மூழ்கினால், பின்னால் குதிக்காமல் கயிறு, சேலை, மூடிய காலிக் குடம் என எதையாவது எறிந்து உதவுங்கள். 108-ஐ அழையுங்கள். மீட்கப்பட்டவர் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல வேண்டாம். மூச்சு இல்லையெனில் செயற்கை மூச்சும் மார்பு அழுத்தமும் உடனே தொடங்கப்பட வேண்டும். மூச்சு கொடுக்கத் தெரியாதவர் மார்பு அழுத்தத்தையாவது விடாமல் செய்யலாம். மீண்டவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் தொடங்கக்கூடும்.

பயணம் முடிவானதும், புறப்படுவதற்கு முன் ஒருமுறை எங்களை வந்து பாருங்கள். சிலரிடம் "சென்று வாருங்கள்" என்போம். சிலரிடம் "இவ்வாண்டு கரையில் அமர்ந்து சாரலை மட்டும் அனுபவியுங்கள்" என்போம். இரண்டும் உங்கள் நலன் கருதிச் சொல்லப்படுவனவே.