ஆயாவோட டிரங்குப் பெட்டியில இருக்கிற வெள்ளி ரூபாய்: ஏலத்துல அதுக்கு என்ன விலை?

எங்க ஊர் ஆரணி. பட்டு நெசவு ஊர்ங்கிறதால, பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக வாங்குறவங்க தெருவுல குரல் கொடுத்துக்கிட்டே போறதைச் சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கேன். புடவையோட அழகுக்கு அங்க விலை கிடையாது, ஜரிகையில இருக்கிற வெள்ளிக்குத்தான் காசு. பல வீட்டுல விக்டோரியா ராணி ரூபாயும் இப்படி எடைக்கே போயிடுச்சு. இன்னொரு பக்கம், ஒரு வீடியோவைப் பார்த்துட்டு "சார், என்கிட்ட 1862 காசு இருக்கு, லட்சம் வருமா?"ன்னு கேக்குற ஐடி தம்பிங்க. 1862-ன்னு போட்ட ரூபாய் அந்த ஒரு வருஷம் மட்டும் அடிச்சதில்ல. 1874 வரைக்கும் அதே வருஷத்தைப் போட்டே அடிச்சாங்க. அதனால சாதாரண 1862 காசு நிறையவே கிடைக்கும்.

முதல்ல அடிமட்ட விலையைக் கண்டுபிடிங்க. பிரிட்டிஷ் இந்தியா ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 12-ல 11 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் சுமார் 10.69 கிராம். கிராம் 100 ரூபாய்னு கணக்குக்கு வச்சுக்கிட்டா 1,069 ரூபாய். இன்னைக்கு ரேட் எதுவோ அதைப் போட்டுக்கோங்க. 1940-லேர்ந்து வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்ல வெள்ளி பாதிதான், 5.83 கிராம். 1947 புலி ரூபாய் வெறும் நிக்கல், காந்தத்துல ஒட்டும். இது தெரியாம மூணையும் ஒரே "வெள்ளிக் காசு"ன்னு ஏலம் கேக்குறவங்க உண்டு.

அடிமட்டத்துக்கு மேல கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் ரெண்டு விஷயத்துக்குத்தான்: அபூர்வம், காசோட நிலைமை. அபூர்வத்துக்கு ஒரு உதாரணம் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ராஜா அங்கியில இருந்த யானை பன்னி மாதிரி தெரியுதுன்னு எதிர்ப்பு வந்து, அடுத்த வருஷமே யானையைத் திருத்தினாங்க. அந்த ஒரு வருஷக் காசுக்குத் தனி மவுசு.

ஆனா நம்மாளுங்க ஏமாறுறது நிலைமையிலதான். ஏலப் பட்டியல்ல ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட்னு போட்டிருப்பாங்க. "ஃபைன்"னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை, நல்லாவே தேஞ்சிருக்குன்னு அர்த்தம். முதல்ல தேயுறது எப்பவும் மேடான இடம்தான். விக்டோரியாவுக்குக் காதுக்கு மேல இருக்கிற முடி, அங்கியில இருக்கிற பூவேலை. ஜார்ஜுக்குக் கிரீடம், அந்த யானை. போட்டோவைப் பெருசாக்கி இந்த இடங்களை மட்டும் பாருங்க. முடி இழை இழையாத் தெரியாம மொழுக்குன்னு இருந்தா, பட்டியல்ல என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீங்க.

அடுத்தது நம்ம வீட்டுப் பெருமை: சுத்தம். புளி, விபூதி, பல்பொடி போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கி வச்சிருப்பாங்க. சேகரிக்கிறவங்களுக்கு அந்தப் பளபளப்புதான் குறை. பல வருஷமாப் படிஞ்ச கருமைக்குத்தான் மதிப்பு. தேய்ச்ச காசுல வெளிச்சத்தைச் சாய்ச்சா மெல்லிய கீறல் தெரியும். தரச்சான்று கம்பெனிகள் இதுக்கு முழு கிரேடு தராம "கிளீன்டு"ன்னு தனியாக் குறிச்சுடுவாங்க. தயவுசெஞ்சு ஆயாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க.

என் கதை ஒண்ணு. ஒரு ஆன்லைன் ஏலத்துல எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்னு போட்ட ஜார்ஜ் ரூபாயை 4,000-க்கு எடுத்தேன். கமிஷன், அது மேல ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்த்து பில் 5,000 கிட்ட வந்துச்சு. கையில வாங்கி விளிம்பைத் திருப்பினா, ராஜா தலைக்கு நேர் மேல அரம் போட்டு ராவின தடம். யாரோ காசு மாலையில கோத்ததோட வளையத்தை எடுத்திருக்காங்க. பத்த வச்ச காசுன்னா சேகரிப்பு மதிப்பு பெரும்பாலும் போச்சு. சிஏ படிச்சவன், விளிம்பு போட்டோ கேக்காம பிட் போட்டேன்! நீங்க கேளுங்க. ரெண்டு பக்கம், விளிம்பு, எடை, இந்த நாலும் தராத காசுக்கு ஏலம் கேக்காதீங்க. கமிஷனையும் கூட்டி உச்ச விலையை முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க.

பினாங்கு, சிங்கப்பூர் போய் வந்த தாத்தா இருக்கிற வீட்டுல "டாலர்" இருக்கலாம். செயின்ல போடுற டாலர் இல்லை, பிரிட்டிஷ் டிரேட் டாலர். 1895-லேர்ந்து பம்பாய், கல்கத்தா டங்கசாலைகள்ல அடிச்சது. ஒரு பக்கம் சூலத்தோட நிக்கிற பிரிட்டானியா, மறுபக்கம் சீன, ஜாவி எழுத்து. எடை 26.95 கிராம், 90 சதவீதம் வெள்ளி. இதுல போலி ஏகப்பட்டது. செம்பும் நிக்கலும் கலந்த போலி காந்தத்துல ஒட்டாது, அதனால காந்தத்தை மட்டும் நம்பாதீங்க. நகைக்கடைத் தராசுல ஒரு டம்ளர் தண்ணி வச்சு எடையை ஜீரோ பண்ணிட்டு, காசை நூல்ல கட்டி டம்ளர் அடியில படாம முழுக விடுங்க. அசலா இருந்தா சுமார் 2.6 கிராம் காட்டும். மூணு கிட்ட வந்தா போலி. சீன வியாபாரிங்க சரிபார்த்துக் குத்தின சின்ன முத்திரை இருந்தா பயப்படாதீங்க, அது வேற விஷயம்.

100 வருஷம் தாண்டின காசு 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். கிரேடு வாங்கலாம்னு அமெரிக்காவுக்குப் பார்சல் போட்டா சட்ட விரோத ஏற்றுமதி. அதேபோல, பழைய காசு வாங்க ரிசர்வ் வங்கி கமிஷன் கேக்குதுன்னு போன் வந்தா மோசடி. வங்கியே 2021-ல எச்சரிச்சிருக்கு.

கடைசியா என் ஏரியா, வரி. "பூஜையில வச்ச காசு சார், சொந்த உபயோகப் பொருள், வரி கிடையாது"ன்னு ஒருத்தர் வாதம் பண்ணினார். இதே வாதத்தை ஒரு மகாராஜா உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய் 1976-ல தோத்திருக்கார். லாபத்துக்கு வரி உண்டு. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்தா 12.5 சதவீதம், அது போக செஸ். ஆயா கொடுத்த காசுன்னா அவங்க வச்சிருந்த காலமும் உங்க கணக்குல சேரும். 2001-க்கு முன்னாடியே குடும்பத்துல இருந்ததுன்னா, 1.4.2001 அன்னைக்கு இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கலாம். அதுக்கு மதிப்பீட்டாளர் சான்றிதழ் வேணும், காசை விக்கிறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.