சின்னக் கார்டு செத்தது. பெரிய எந்திரம் நின்றது!

40 வயது எந்திரத்துக்கு மூளை மாற்றும் கதை

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி.

தேர் எவ்வளவு பெரிது! அச்சாணி எவ்வளவு சிறிது! ஆனாலும் அந்தச் சின்ன ஆணி கழன்று விட்டால், ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் தேர் நகராது.

இன்றைய தொழிற்சாலைகளிலும் அப்படி ஓர் அச்சாணி இருக்கிறது. அதற்குப் பெயர் "கண்ட்ரோல் கார்டு".

பார்த்தால் ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். பச்சை நிறத் தகடு. அதன் மேல் கறுப்பு வண்டுகள் உட்கார்ந்து இருப்பது போல சிப்புகள். நடுநடுவே சின்னச் சின்ன உருளைகள். அவ்வளவுதான்.

ஆனால் பல டன் எடையுள்ள எந்திரம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கட்டளை இடுவது இந்தக் கார்டுதான். கார்டு படுத்தால் எந்திரமும் படுத்து விடும்.

எந்திரத்தின் இரும்பு உடம்பு 40 ஆண்டு உழைக்கும். கார்டு அவ்வளவு காலம் தாங்குவது கடினம். அது பழுதான அன்று கடைக்கு ஓடினால், "அந்த மாடல் இப்போது வருவது இல்லை" என்று கையை விரித்து விடுவார்கள்.

அப்போது என்ன செய்வது? நல்ல இரும்பைத் தூக்கி எறிவதா? எந்திரத்தை நம்பி இருக்கும் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்புவதா?

நாசா பட்ட பாடு

இந்தத் தொல்லை சின்னப் பட்டறைகளுக்கு மட்டும் வந்தது அல்ல. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய நாசாவையே இது ஆட்டி வைத்தது!

அமெரிக்காவின் "ஷட்டில்" விண்கலம் 1981-ம் ஆண்டு முதன் முதலாகப் பறந்தது. அதை மேலே தூக்கிச் செல்ல, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய ராக்கெட்டுகள் உண்டு. அவை சரியாக இருக்கின்றனவா என்று தரையில் சோதித்துப் பார்க்கத் தனிக் கருவிகள் இருந்தன.

அந்தக் கருவிகளின் மூளை, "8086" என்ற சிப்பு. இன்டெல் கம்பெனி 1978-ல் வெளியிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ புதிய சிப்புகள் வந்து விட்டன. பழைய 8086 சந்தையில் அருகிப் போயிற்று.

2002-ம் ஆண்டில் ஷட்டிலுக்காக வேலை செய்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்டர்நெட்டில் பழைய சாமான்களைத் தேடினார்கள்! கழித்துப் போட்ட மருத்துவக் கருவிகளை மொத்தமாக வாங்கினார்கள். அவற்றின் உள்ளே இருந்த 8086 சிப்புகளைக் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

விண்ணில் பறக்கும் கலத்துக்கு, பழைய சாமான் சந்தையில் இருந்து உதிரிப் பாகம்!

கார்டு பிறந்த கதை

கார்டு வருவதற்கு முன்பு எந்திரங்களை யார் நடத்தினார்கள்?

"ரிலே" என்ற மின்சார சுவிட்சுகள் நடத்தின. ஒரு சுவருக்கு நீளமான அலமாரி. அதற்குள் நூற்றுக்கணக்கான ரிலேக்கள். நூல் கண்டு சிக்கியது போல வயர்கள். ஒரு ரிலே கெட்டுப் போனால், அது எது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

மோட்டார் கார் தொழிற்சாலைகளில் இன்னொரு தொல்லை. அங்கே புதுப்புது மாடல் கார்கள் வரும். மாடல் மாறினால் வயர்களை எல்லாம் அவிழ்த்து மறுபடியும் கட்ட வேண்டும்.

1968-ம் ஆண்டு, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதற்கு ஒரு மாற்று கேட்டது. "வயரை மாற்றாமல் வேலையை மாற்ற வேண்டும்" என்பதே அதன் சாரம்.

டிக் மார்லி என்ற என்ஜினீயரும் அவருடைய தோழர்களும் ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தார்கள். அது அவர்களுடைய கம்பெனியின் 84-வது திட்டம். ஆகவே அதற்கு "மோடிகான் 084" என்று பெயர் வைத்தார்கள். இதுதான் "பி.எல்.சி." என்ற கண்ட்ரோல் பெட்டிகளின் முன்னோடி.

வயரில் இருந்த கட்டளைகள் புரோகிராமில் ஏறின. அந்தப் புரோகிராமைக் கம்ப்யூட்டர் நிபுணர்கள் மட்டும் படிக்கும்படி எழுதவில்லை. ஏணிப் படி போலக் கோடு கோடாக வரைந்தார்கள். ரிலே படம் பார்த்துப் பழகிய மின்சாரத் தொழிலாளியும் அதைப் படிக்க முடிந்தது. அதனாலேயே அது உலகம் எங்கும் பரவியது.

அந்த முதல் பெட்டிகளில் ஒன்று, ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஓயாமல் உழைத்தது! பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் அதைச் செய்தவர்களுக்கே நினைவுப் பரிசாகத் திருப்பிக் கொடுத்து விட்டது.

ஏன் சாகிறது?

கார்டில் ஓடும் சக்கரம் இல்லை. தேயும் பல் இல்லை. பிறகு ஏன் கெடுகிறது?

முதல் எதிரி, வெப்பம். கார்டில் உள்ள சின்ன உருளைகளுக்குக் "கெபாசிட்டர்" என்று பெயர். அவற்றில் ஒரு வகைக்கு உள்ளே ஈரம் உண்டு. ஆண்டுகள் போகப் போக அந்த ஈரம் வற்றும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது என்ஜினீயர்களின் கணக்கு. பெட்டியில் காற்றாடி நின்று போனதைக் கவனிக்காமல் விட்டால், கார்டின் ஆயுளைக் கையால் வெட்டியதற்குச் சமம்.

இரண்டாவது எதிரி, தூசி. இரும்புத் தூளும் எண்ணெய்ப் புகையும் கார்டின் மேல் படியும். மின்சாரம் போகக் கூடாத இடத்தில் போகும்.

மூன்றாவது எதிரி, காலம். சிப்பு செய்யும் ஆலைகள் லட்சக்கணக்கில் செய்தால்தான் லாபம் காணும். அந்த அளவுக்கு வாங்குகிறவர்கள் புதிய சிப்பைத்தான் கேட்பார்கள். பழைய எந்திரம் வைத்திருப்பவருக்கு வேண்டியது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ! அதற்காக ஆலை ஓடுமா? "கடைசியாக ஒரு முறை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்" என்று அறிவித்து விட்டு, நிறுத்தி விடுவார்கள்.

ரெயிலுக்கும் அதே கதி

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரின் சுரங்கப் பாதையில் ரெயில்களை நடத்தும் கம்ப்யூட்டர் முறை, 1998-ல் அமைந்தது. அதற்குப் புரோகிராமை ஏற்றுவது "பிளாப்பி" தட்டு. இப்போதைய பிள்ளைகள் பார்த்தே இராத பொருள்!

20 முதல் 25 ஆண்டு வரை உழைக்கும் என்று போட்ட கணக்கு அது. அந்தக் கெடு முடிந்தது. 2024 அக்டோபரில், 21 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் புதிய முறையை அமைக்க முடிவு செய்தார்கள்.

இத்தனைக்கும் பழைய முறை அன்று வரை ஓடிக் கொண்டுதான் இருந்தது. பிறகு ஏன் இந்தச் செலவு? "நின்ற பிறகு மாற்றினால் நகரமே நிற்கும்" என்ற பயம்தான்!

மூன்று வழிகள்

பழைய கார்டு கெட்டுப் போனால் மூன்று வழிகள் உண்டு.

ஒன்று: அதே கார்டைத் தேடி வாங்குவது. மூடிய தொழிற்சாலைகளின் சாமான்களை விற்பவர்களிடம் கிடைக்கும். ஆனால் போலிகளும் உண்டு. பழைய சிப்பின் எழுத்தைச் சுரண்டி விட்டு, வேறு எண்ணை அச்சடித்து விற்கும் எத்தர்கள் இருக்கிறார்கள். வாங்கிய கார்டைச் சோதித்துப் பார்க்காமல் அலமாரியில் வைப்பது, நெருப்புப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் இருட்டில் புறப்படுவது போலத்தான்.

இரண்டு: உள்ள கார்டையே பழுது பார்ப்பது. காய்ந்த கெபாசிட்டரை எடுத்து விட்டுப் புதியதை ஈயம் வைத்துப் பற்ற வைத்தால், பல கார்டுகள் உயிர் பிழைக்கும்.

மூன்று: புதிய மாடலுக்கு மாறுவது. இதில் பெரிய வேலை, நூற்றுக்கணக்கான வயர்களைக் கழற்றி மாட்டுவது. ஒரு வயர் இடம் மாறினாலும் ஆபத்து. அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஆலன்-பிராட்லியின் "பி.எல்.சி.-5" என்ற பெட்டி 1986-ல் வந்தது, 2017-ல் விற்பனை நின்றது. அதை வைத்திருப்பவர்களுக்காக ஓர் இணைப்புச் சாதனம் செய்தார்கள். வயர்கள் மாட்டிய பழைய பட்டையை அப்படியே கழற்றிப் புதிய சாதனத்தில் செருகி விடலாம். வயரைத் தொட வேண்டியதே இல்லை!

விரலா, கார்டா?

கார்டு மாற்றும் வேலையில் பண நஷ்டத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது உயிர் ஆபத்து.

ஒருவர் எந்திரத்துக்குள் கையை விட்டிருக்கிறார். அது தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டு விடுகிறார். முடிந்தது கதை! போன விரலுக்கு எந்தச் சந்தையிலும் உதிரிப் பாகம் கிடையாது.

ஆகவே, மெயின் சுவிட்சை அணைத்து அதற்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். யார் உள்ளே கை விடுகிறாரோ, அவர் பூட்டு, அவர் சாவி. சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும். "வேலை நடக்கிறது" என்று பெயர் எழுதிய அட்டையும் தொங்க வேண்டும். அமெரிக்காவில் 1989-ல் இதை அரசாங்க விதியாகவே கொண்டு வந்தார்கள்.

மின்சாரம் போனாலும் எந்திரத்தில் வலு மிச்சம் இருக்கும். அடைபட்ட காற்று, அழுத்தத்தில் உள்ள எண்ணெய், மேலே தூக்கி நிற்கும் பாரம் இவை சமயம் பார்த்துப் பாயும். இவற்றையும் இறக்கி விட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மறந்து போகும் மூளை

இன்னொரு கண்ணி இருக்கிறது. பல பழைய பெட்டிகளின் புரோகிராம், மின்சாரம் போனால் அழிந்து போகும். அதைக் காப்பது ஒரு சின்ன பேட்டரி.

பண்டிகை விடுமுறைக்குத் தொழிற்சாலையை மூடுகிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்கிறார்கள். பேட்டரி எப்போதோ தீர்ந்து போனது யாருக்கும் தெரியாது. திறக்கும் நாளில் கார்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிறந்த குழந்தை போல, அதற்கு ஒன்றும் தெரியாது!

ஆகவே சுவிட்சை அணைக்கும் முன்பே புரோகிராமை நகல் எடுத்து விட வேண்டும். ஒரு நகல் போதாது. இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட பெட்டிகளில் பேட்டரியை மாற்றும்போது மட்டும், கம்பெனிப் புத்தகம் சொல்லும் முறைப்படி, மின்சாரம் இருக்கும்போதே மாற்றுவது வழக்கம்.

பொருத்தும் பக்குவம்

கழற்றும் முன் கார்டைப் போட்டோ எடுக்க வேண்டும். ஒவ்வொரு வயருக்கும் எண் கட்ட வேண்டும்.

கார்டின் ஓரத்தில் சின்னஞ்சிறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். பழைய கார்டில் எது மேலே, எது கீழே என்று பார்த்து, புதியதிலும் அப்படியே வைக்க வேண்டும். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும், பிற்பாடு திருத்திச் செய்த கார்டாக இருக்கலாம். அந்த எழுத்தையும் ஒப்பிட வேண்டும்.

கார்டைத் தொடுபவர், மணிக்கட்டில் பூமிக்கு இணைத்த பட்டை கட்டிக் கொள்ள வேண்டும். நம் உடம்பில் நடக்கும்போதே மின்சாரம் ஏறுகிறது. அது சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நமக்குச் "சுருக்" என்று தெரியும். சில சிப்புகளுக்கோ 100 வோல்ட்டே எமன்!

கார்டைப் பொருத்திய உடனே எந்திரத்தை ஓட்டி விடக் கூடாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி வைத்துக் கொண்டு, கார்டு சரியாகக் கட்டளை இடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு மோட்டாரை இணைத்ததும் முதலில் சோதிக்க வேண்டியது, ஓட வைக்கும் பொத்தானை அல்ல. ஆபத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை!

கிழிந்த நோட்டின் விலை

இவ்வளவும் தெரிந்தாலும், ஒரு பொருள் இல்லாவிட்டால் வேலை நடக்காது. அது காகிதம்.

எந்த வயர் எங்கே போகிறது, இந்த வரியை ஏன் மாற்றினோம், எந்த ஆண்டு எந்தக் கார்டு வந்தது... இவற்றை எழுதி வைத்தவர் பெரும்பாலும் அந்த எந்திரத்தோடு முடி நரைத்த தொழிலாளியாக இருப்பார். அவர் ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு அனுப்பி விடுகிறார்கள். எண்ணெய்க் கறை படிந்த அவருடைய நோட்டு குப்பைக்குப் போகிறது. அடுத்த முறை கார்டு கெடும்போது, அந்த நோட்டைத் தேடி அலைவார்கள்.

கார்டைப் பழைய சந்தையில் வாங்கி விடலாம். அவர் தலையில் இருந்ததை எங்கே வாங்குவது?

ஆகவே, எந்திரம் நன்றாக ஓடும் நாளிலேயே அவர் பக்கத்தில் ஓர் இளைஞனை நிறுத்த வேண்டும். அவர் சொல்லச் சொல்ல, இவன் எழுதிக் கொள்ள வேண்டும்.

தேர் ஓடும்போது யாரும் அச்சாணியைப் பார்ப்பது இல்லை. வடம் பிடிக்கும் முன்பே அதைத் தட்டிப் பார்ப்பவன்தான் நல்ல தச்சன்!