நின்னு போன புல்லட் ஓடுமா?



நின்ற வண்டியை உடனே கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஏன் தெரியுமா? பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் சிலிண்டரில் கீறல் விழும்.

எங்க அப்பாரு புல்லட் மாட்டுக் கொட்டாயில் 8 வருஷம் நின்றது. எடைக்குப் போடப் பேசிவிட்டார்கள். "ஒரு வாரம் பொறுங்க மச்சான்" என்று அப்பாவிடம் கேட்டு மாமா வேலையைத் தொடங்கினார். நான் கூடவே இருந்து கற்றுக்கொண்டது இது:

1. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற வைக்கணும். பிறகு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தணும்.

2. பழைய பெட்ரோலை வடிக்கணும். அது ஆவியாகி பிசின் மாதிரி தங்கி, கார்புரேட்டர் ஜெட்டின் சின்னத் துளையை அடைத்துவிடும்.

3. காண்டாக்ட் பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கணும். அப்போதுதான் தீப்பொறி வரும்.

4. என்ஜின் ஆயில், கேபிள், டயர், பிரேக் பார்க்கணும். ஓடுவதைவிட நிற்பது முக்கியம்!

ஆறாம் நாள் 'டுப் டுப்' என்று ஓடியது. இரும்புக்காரர் வெறும் சாக்கோடு போனார்.

1955 முதல் சென்னையில் புல்லட் செய்கிறார்கள். பல வருஷம் அமைப்பு பெரிதாக மாறாததால் பழைய வண்டிக்கும் பாகம் கிடைக்கிறது. ஆனால் 15 வருஷம் தாண்டினால் ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். இன்சூரன்ஸும் வேணும்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்பேனர்?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். சைக்கிள் செயின் கழன்றால் நாமதானே மாட்டுகிறோம்? வீட்டில் நிற்கும் எந்தப் பொருளையும் எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்!

- 9ஆம் வகுப்பு மாணவி, புதுச்சத்திரம்