நெற்றியில் ஓர் எழுத்து

ஜி-ஏ-ஜி. பதினோராவது குரோமோசோமில், பீட்டா குளோபின் என்ற ஜீனின் தொடக்கத்திலேயே வரும் மூன்று எழுத்துகள் இவை. நடுவில் இருக்கும் ‘ஏ’ போய் அந்த இடத்தில் ‘டி’ வந்து உட்கார்ந்தால், அதுதான் சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் ரத்தசோகையின் தொடக்கம். ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளில் மாறியிருப்பது ஒன்றே ஒன்று.

இந்த இதழுக்கு ‘ஜீன் எடிட்டிங்’ பற்றி எழுதித் தரும்படிதான் ஆசிரியர் குழு கேட்டது. பரம்பரை நோயையே துடைத்து எறியும் சிகிச்சை வந்துவிட்டதாமே, வாசகர்கள் விரும்பிப் படிப்பார்கள் என்றார்கள். படிப்பார்கள்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் தகவல் திரட்டத் திரட்ட என் கவனம் வேறொரு பொருளின் மேல் போய் நின்றுவிட்டது. சட்டைப் பையில் அடங்கிவிடுகிற ஒரு பரிசோதனை அட்டை.

முதலில் அந்த மூன்று எழுத்து. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று என்பதால் நேராக எலும்பு மஜ்ஜைக்குப் போய்விடலாம். அங்கே வளர்ந்துகொண்டிருக்கும் சிவப்பணு, பீட்டா குளோபின் ஜீனை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. நடுநடுவே இருக்கும் இரண்டு இன்ட்ரான் பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டி ரைபோசோமிடம் அனுப்புகிறது. ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, மூன்றுக்கு ஓர் அமினோ அமிலம் என்று கோத்துக்கொண்டே போகிறது. 146 கோத்து முடித்தால் ஹீமோகுளோபினின் ஒரு பீட்டா சங்கிலி தயார். (ரைபோசோமின் உருவத்தைத் துலக்கிக் காட்டியதற்காக 2009-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்தவர். பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை.)

சங்கிலியின் ஆறாவது இடத்துக்கான குறிப்புதான் ஜி-ஏ-ஜி. அதைப் படித்தால் குளுட்டாமிக் அமிலம் வந்து சேரும். இந்த மூன்று எழுத்துக்குள் மட்டும் என்னென்ன நடக்கலாம் என்று பாருங்கள். கடைசி ‘ஜி’ மாறி ‘ஏ’ ஆனால் ஒன்றுமே ஆகாது. ஜி-ஏ-ஏ என்றாலும் குளுட்டாமிக் அமிலம்தான். எழுத்து மாறியது, புரதம் மாறவில்லை. முதல் ‘ஜி’ மாறி ‘ஏ’ ஆனால் லைசின் வரும். இது மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் சி, தொல்லை கொஞ்சம்தான். அதே முதல் ‘ஜி’ மாறி ‘டி’ ஆனால் டி-ஏ-ஜி. அது ‘நிறுத்து’ என்ற குறி. ரைபோசோம் ஐந்தோடு கையை உதறிவிடும், சங்கிலியே கிடையாது. நடுவில் இருக்கும் ‘ஏ’ மாறாமல் அடியோடு விழுந்துவிட்டாலோ, அங்கிருந்து பின்னால் வரும் எல்லா மூன்றும் ஓர் எழுத்து தள்ளிப் படிக்கப்பட்டு, அர்த்தமற்ற அமிலங்கள் கோக்கப்படும். மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் பீட்டா தலசீமியாவை அதிகம் உண்டாக்கும் எழுத்துப் பிழையோ சங்கிலிக்கான குறிப்பிலேயே இல்லை. வெட்டி எறியப்படும் முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது. அங்கே ‘ஜி’ மாறி ‘சி’ ஆனதால், எந்த இடத்தில் வெட்டுவது என்று செல்லுக்குக் குழப்பம். குப்பைக்குப் போக வேண்டிய பகுதியில் நேர்ந்த பிழை, வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளிவிடுகிறது.

நம் கதைக்கு வேண்டியது நடு ‘ஏ’ மாறி ‘டி’ ஆவது. ஜி-டி-ஜி என்றால் வாலின். குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டும், வாலின் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் சற்றே வடிவம் மாறும்போது, பக்கத்து மூலக்கூறில் ஒரு பள்ளம் தெரியும். வாலின் அதில் போய் ஒண்டிக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று என்று ஒட்டி நீள நீளமான இழைகள். ஓர் இழைக்குப் பதினான்கு சரடுகள். ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இழைகள் உள்ளிருந்து முட்ட, வட்டமான அணு அரிவாளாக வளைந்து மெல்லிய நாளங்களில் சிக்கி அடைக்கிறது. அதுதான் அந்த எலும்பை முறிக்கும் வலி. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் செத்துப்போகிறது. அதுதான் சோகை.

கிரெனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில்தான் இந்த அரிவாள் வடிவம் முதலில் கண்ணில் பட்டது. 1910-ல் அது மருத்துவ இதழில் வெளியானது. ஹீமோகுளோபினே வேறு மாதிரி இருக்கிறது என்று 1949-ல் காட்டினார்கள். எங்கே வேறு என்று கேம்பிரிட்ஜில் 1956-57-ல் கண்டுபிடித்தார்கள். புரதத்தைத் துண்டு துண்டாக்கித் தாளில் பரப்பிப் பார்த்தபோது, ஒரே ஒரு புள்ளி இடம் மாறி விழுந்திருந்தது. ஜீனில் நேரும் மாற்றம் புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றும் என்பதற்கு உலகம் கண்ட முதல் நேரடிச் சாட்சி அந்தப் புள்ளி.

இதற்கிடையில் 1952. இந்தியாவில் இந்த ஹீமோகுளோபின் முதன்முதலாகப் பதிவானது நம் நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தில். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன பழங்குடித் தொழிலாளர்களிடமும் பார்த்தார்கள். காடும் மலேரியாவும் சேர்ந்த இடங்களில் இந்த எழுத்து நிலைத்து நின்றதற்குக் காரணத்தை 1954-ல் ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வு சொல்லிவிட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தையை மலேரியா எளிதில் கொல்வதில்லை. இன்று ‘கேரியர்’ என்று எழுதி அட்டை கொடுக்கப்படுகிற மனிதர்கள், மலேரியாவில் சாகாமல் தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். அட்டையில் அதை யாரும் அச்சடிப்பதில்லை.

ஜீன் எடிட்டிங்கை இங்கேயே முடித்துவிடுகிறேன். 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்த சிகிச்சை, பலரும் நினைப்பதுபோல அந்த ‘டி’யை ‘ஏ’யாகத் திருத்துவதில்லை. கருவில் இருக்கும் குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அந்த ஜீனை ஒரு புரதம் அடக்கிவிட, பீட்டா ஜீன் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அடக்கிவைக்கும் புரதத்தின் ஜீன் இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அது ரத்த அணுக்களில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் சிறு பகுதியைக் கத்தரித்துவிடுகிறார்கள். அடக்கியவர் போனதும் கருக்கால ஹீமோகுளோபின் திரும்ப வருகிறது. பிழை அப்படியே இருக்கிறது, நோய் அடங்கிவிடுகிறது. விலை 22 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் 18 கோடி ரூபாய். அதற்கு முன் கீமோதெரபி, மருத்துவமனை வாசம் எல்லாம் தனி. நீலகிரியின் பந்தலூரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு இதைப் பற்றி நான் என்ன சொல்ல? கருக்கால ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டித் தரும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது தடையில்லாமல் கிடைக்கிறதா என்று கேட்பதே இப்போதைக்குப் பெரிய கேள்வி.

அந்தக் கருக்கால ஹீமோகுளோபினைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் அதே ‘டி’ வந்த இரண்டு பேரில் ஒருவர் மாதம் தவறாமல் வலியில் துடிப்பார், இன்னொருவர் தோட்ட வேலைக்குப் போய்வருவார். பின்னவருக்குக் கருக்கால ஹீமோகுளோபின் முழுக்க அடங்காமல் ஓரளவு தொடர்ந்திருக்கலாம். இந்தியப் பழங்குடிகள் பலரிடம் அது இயல்பாகவே கூடுதல். ஹீமோகுளோபினின் இன்னொரு பாகமான ஆல்ஃபா சங்கிலியும் குறைவாக உற்பத்தியானால் நோயின் வேகம் இன்னும் தணியும். இப்படி எந்த ஜீன், எவ்வளவு, எப்போது வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து ஓர் எழுத்துக்குப் பல முகங்கள். அட்டையில் இருப்பது ஒரே வார்த்தை. நோயாளி, கேரியர், இயல்பு.

2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம் 17 மாநிலங்களில், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கக் கிளம்பியது. தமிழ்நாடும் அதில் உண்டு. 2047-க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. பரிசோதித்தவர்களுக்கு அட்டை. கேரியரும் கேரியரும் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு, ஆகவே அட்டையைப் பார்த்துத் திருமணம் செய்யுங்கள் என்பது அறிவுரை. கணக்கில் தப்பே இல்லை. சைப்ரஸில் தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தைகளை இப்படிப் பரிசோதித்துத்தான் குறைத்தார்கள் என்று மருத்துவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள், அதுவும் உண்மை.

என் கவலை, அந்த அட்டையை வாங்கிப் படிக்கப்போகிறவர்களைப் பற்றியது. செவ்வாய் தோஷம் என்ற ஒரு வரிக்காக எத்தனை பெண்களின் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது என்பதை வீட்டுக்கு வீடு பார்த்த சமூகம் இது. அரசு முத்திரையோடு ரத்தத்துக்கே ஒரு ஜாதகம் கிடைத்தால் சும்மா விடுமா? “பொண்ணுக்கு ரத்தத்துல ஏதோ இருக்காம்ல” என்ற ஒரு பேச்சு போதும். பையனுக்கும் அதே ஒற்றை எழுத்து இருந்தால்தான் சிக்கலே என்பது அந்தப் பேச்சில் வராது. கேரியர் என்றால் நோயாளி இல்லை, அவர் ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் சாதாரணமானதுதான் என்பதும் வராது. பிள்ளை நோயோடு பிறந்தாலும் பழி தாயின் தலையில்தான் விழும், பாதி எழுத்து தகப்பன் கொடுத்ததாகவே இருந்தாலும். பழங்குடி நோய் என்று பெயரும் வைத்துவிட்டோம். ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களை ஒதுக்க இன்னொரு சான்றிதழ்.

மிகையாகச் சொல்கிறேன் என்றால், நடந்ததைச் சொல்கிறேன். கிரீஸில் ஒர்கோமெனோஸ் என்ற ஊர். அங்கே சிக்கிள் செல் அதிகம் என்று எல்லோரையும் பரிசோதித்து, ஆலோசனையும் சொன்னார்கள். சில ஆண்டு கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது, கேரியர்களுக்கு ஊரில் மதிப்புக் குறைந்திருந்தது. சம்பந்தம் பேசும்போது பலர் முடிவை மறைத்தார்கள். கேரியரும் கேரியரும் மணப்பது மட்டும் குறையவில்லை. 1974-ல் இது எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் போட்டன. சில இடங்களில் பள்ளியில் சேரவும் கல்யாணம் பதியவும் ரத்தம் கொடுக்க வேண்டும். நோயே இல்லாத கறுப்பின இளைஞர்கள் வேலையை இழந்தார்கள், காப்பீட்டுக்குக் கூடுதல் பணம் கட்டினார்கள். விமானம் ஓட்டிப் பழக வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய விதி 1981-ல்தான் போனது.

எல்லாவற்றுக்கும் மேல் 1968. இந்த நோயை மூலக்கூறு நோய் என்று 1949-ல் நிரூபித்த அதே மேதை, இரண்டு நோபல் வாங்கியவர், ஒரு சட்ட இதழில் எழுதிய யோசனை இது: சிக்கிள் ஜீன் உள்ள ஒவ்வோர் இளைஞரின் நெற்றியிலும் ஒரு குறியைப் பச்சை குத்திவிட வேண்டும். இருவர் சந்தித்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டு, காதலில் விழாமல் விலகிக்கொள்வார்களாம். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. குழந்தைகள் படும் பாட்டைக் குறைக்கத்தான் சொன்னார். அட்டை கொடுப்பவர்களும் அதற்காகத்தான் கொடுக்கிறார்கள்.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணவறைக்கு முன்னால் செய்வதைவிடப் பிரசவ வார்டில் செய்யலாமே என்கிறேன். முகாம்களில் பயன்படும் எளிய சோதனையில், ரத்தத்தை ஒரு கரைசலில் விட்டால் அது கலங்கும். கேரியருக்கும் கலங்கும், நோயாளிக்கும் கலங்கும், வித்தியாசம் தெரியாது. பச்சைக் குழந்தையிடம் அதுவும் பலிக்காது. பீட்டா ஜீன் இன்னும் முழுதாகப் பொறுப்பேற்காததால், உடம்பில் ஓடுவது பெரும்பாலும் கருக்கால ஹீமோகுளோபின்தான். அதனால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. போன்ற கருவி வேண்டும். செலவு அதிகம், அதற்குப் பழகிய ஆளும் வேண்டும். ஆனால் நோய் தலைகாட்டும் ஆறாம் மாதத்துக்கு முன்பே தெரிந்துவிடும். தெரிந்தால் செய்ய மருந்து இருக்கிறது. தினமும் பென்சிலின் கொடுத்த சிக்கிள் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்ததை 1986-லேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. பென்சிலின் 18 கோடி ரூபாய் மருந்து இல்லை. பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். முடிவு இரண்டு மாதத்துக்குள் தாயின் கைக்கு வந்துவிட வேண்டும், பென்சிலின் தொடங்க வேண்டியது அப்போதுதான்.