கழிவிற் பிறக்கும் வலு

மோட்டார் எஞ்சினின் வலு அது கொள்ளும் பெற்றோலின் அளவையே பொறுத்தது என்பது பலர் கருத்து. ஆயின், அவ்வலுவுக்கு எல்லை வகுப்பது வளியேயாம். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிதற்கு, நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு வளி வேண்டும். வளி போதாதவிடத்துப் பெற்றோலை மிகுதியாகச் செலுத்துதலாற் பயனில்லை. உருளைகளைப் பெரியனவாக்கின் வளி மிகும். எஞ்சினின் பாரமும் உடன் மிகும். விரைவையே நாடும் பந்தயக் கார்களுக்கு அஃது ஏற்றதன்று. ஆகவே, உருளையின் அளவை மாற்றாது வளியை நெருக்கி உட்செலுத்தும் முறை வேண்டப்பட்டது.

வளியை நெருக்குதற்கும் வலு வேண்டுமன்றோ? அது யாண்டிருந்து கிடைக்கும்? இவ்வினாவுக்குச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூகி என்பார் விடை கண்டு, 1905ஆம் ஆண்டிலே ஆக்கவுரிமை பெற்றார். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கழிவாயுவுடன் வீணே வெளியேறுகின்றது. அவ்வாயு செல்லும் வழியில் ஒரு சிறு சுழலியை அமைத்தால், வாயுவின் வேகத்தால் அது சுழலும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள அமுக்கி, வெளிவளியை நெருக்கி உருளைகளுக்கு அனுப்பும். இவ்விரண்டும் இணைந்த கருவியே டர்போசார்ஜர் எனப்படுவது.

இதன் பயனைப் போர்ஷே நிறுவனத்தின் 911 வகைக் கார்களிலே தெளிவாகக் காணலாம். 1974இல் பாரிசுக் கண்காட்சியில் வெளிவந்த 911 டர்போவின் எஞ்சின் 2,994 கன சென்ரிமீற்றர் கனவளவுடையது. அது 260 பரிவலுவைத் தந்தது. சிறிது காலத்தின்பின் வந்த கரேரா 3.0 என்னும் காரின் எஞ்சினும் அதே கனவளவினதே. டர்போசார்ஜர் இல்லாத அது தந்ததோ 200 பரிவலு மாத்திரமே.

எனினும், இவ்வூதியம் இழப்பின்றி வந்ததன்று. நெருக்கப்பட்ட வளி சூடேறும்; சூடு மிகின் பெற்றோற் கலவை உரிய தருணத்துக்கு முன்னரே தானாக வெடித்து முசலங்களைச் சிதைக்கும். இதனை அஞ்சியே, கரேராவில் 8.5 ஆக இருந்த நெருக்க விகிதம் டர்போவில் 6.5 ஆகக் குறைக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு மாதிரியில், நெருக்கிய வளியைக் குளிர்விக்கும் கருவியொன்று சேர்க்கப்பட்டது. குளிர்ந்த வளி அடர்த்தி மிக்கதாதலின், அதே இடத்தில் ஒட்சிசன் கூடுதலாக அடங்கும். அவ்வாண்டில் எஞ்சினின் கனவளவும் 3,299 கன சென்ரிமீற்றராகப் பெருக்கப்பட, வலு 300 பரிவலுவாயிற்று.

மற்றொரு குறை தாமதம். சாரதி மிதிகட்டையை அழுத்தியதும் வலு தோன்றாது. கழிவாயு பெருகிச் சுழலி விரைவு பெறும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர் வலு திடீரெனப் பெருகும். வளைவிலே திரும்புங்கால் இவ்வாறு நேரின், பின்சக்கரங்கள் பிடியிழந்து கார் நிலைதடுமாறுதல் கூடும். 2006இல் வந்த 911 டர்போவிலே, சுழலியைச் சூழ்ந்த சிறு தகடுகள் கழிவாயுவின் அளவுக்கேற்பத் தம் கோணத்தை மாற்றிக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டன. வாயு குறைந்தவிடத்து வழி ஒடுங்கி அதன் வேகம் மிகுதலால், தாமதம் பெரிதும் குறைந்தது.

வீணே கழிவதைப் பயன்படுத்தல் அறிவு. அவ்வாறு பெற்ற வலுவைக் கட்டுக்குள் வைத்தலே அவ்வறிவின் நிறைவு. டர்போசார்ஜரின் வரலாறு புகட்டுவதும் இதுவேயாம்.